கார் ஏசியில் கேஸ் கசிவு: நிரப்பும் முன் தேட வேண்டும்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கார் ஏசி பட்டறைகளின் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கும் சொல்லப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: “கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுட்டா ஜில்லுனு ஆயிடும்.” அரை மணி நேரத்தில் கேஸ் ஏறிவிடுகிறது, ஏசி குளிர்கிறது, வாடிக்கையாளர் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் புறப்படுகிறார். அடுத்த பங்குனியில், சில சமயம் அதற்கு முன்பே ஐப்பசியில், அதே வண்டி அதே வாசலில் வந்து நிற்கிறது. எங்கள் வீட்டுக் காருக்கும் சில ஆண்டுகள் இதுவே நடந்துவந்தது. போன கோடையில்தான் கசிவைத் தேடிப் பிடித்து முறையாகச் சரிசெய்தோம். அந்த வேலை நடந்த விதத்தையும், அதைச் செய்த ஏசி மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்டவற்றையும், பிறகு நானே படித்துச் சரிபார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஏசியில் இருக்கும் கேஸ், பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதும் இல்லை, பிரேக் பேடைப் போலத் தேய்வதும் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிவரும் பொருள். கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளை வழியாகப் பாயும்போது அதன் அழுத்தம் சட்டென்று விழுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால்தான் இவ்வளவும் சாத்தியமாகிறது. சிறிய கார் ஒன்றில் இந்தக் கேஸ் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரைதான் இருக்கும். தொழிற்சாலையில் நிரப்பிய அந்த அரைக் கிலோவும் உள்ளேயே இருக்கும்வரை புதிதாக நிரப்ப ஒன்றுமில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வழியாக வெளியேறியிருக்கிறது என்றுதான் பொருள்.

இதில் ஒரு சிறு விலக்கை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் எல்லாக் கார்களிலும் மிகச் சிறிய அளவு கேஸ் ஆண்டுதோறும் போகத்தான் செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட கார் ஏசி ஆணை, ஒரே கூலிங் காயில் உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராம் என்று இந்தக் கசிவுக்கு வரம்பு வைத்தது. ஆகவே ஏழெட்டு ஆண்டுகள் தொடாமல் ஓடிய காரில் குளிர்ச்சி சற்று மங்கினால் அதைப் பழுது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முழுதாக நிரப்பிய கேஸ் ஒரு கோடைக்குள் தீர்ந்துவிட்டால், அங்கே ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் மறுபடியும் நிரப்புவது பழுதுபார்ப்பு ஆகாது.

குளிர்ச்சி இல்லை என்றாலே கேஸ் கசிவு என்று முடிவு கட்டுவதும் தவறு. வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் காற்று வெதுவெதுப்பாகிறது என்றால், கண்டன்சர் விசிறி சுற்றாமல் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. கண்டன்சரின் தகடுகளில் சேறும் பூச்சிகளும் அடைத்திருந்தாலும் அப்படித்தான். அனுபவமுள்ளவர் அழுத்தம் காட்டும் கேஜ் இரண்டையும் மாட்டிப் பார்த்ததும் இவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுவார். 35 டிகிரி வெயிலில் நல்ல நிலையில் ஓடும் ஏசியின் தாழ் அழுத்தப் பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையிலும் உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையிலும் காட்டுவது வழக்கம். இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் விசிறிக் கோளாறோ, தேவைக்கு மேல் கேஸோ. தாழ்ந்திருக்க வேண்டியது ஏறியும் ஏறியிருக்க வேண்டியது தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரஸருக்கு வலுவில்லை. இது தோராயமான கணக்குத்தான் என்றாலும், கேஜையே மாட்டாமல் டியூபைக் கையால் தொட்டுப் பார்த்துக் ‘கேஸ் இல்லை’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாமலிருக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேஜ் விஷயத்தில் பல பட்டறைகளிலும் நடக்கும் ஒரு பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும்போது கேஜில் தெரியும் அழுத்தத்தைப் பார்த்து, ‘பிரஷர் சரியா இருக்கு, கேஸ் இருக்கு’ என்று சொல்லிவிடுகிறார்கள். மூடிய கலத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்போது அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதில் பங்கே இல்லை. 30 டிகிரியில் ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும், 35 டிகிரியில் 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதே எண்தான், பாதிக்கு மேல் கசிந்து 200 கிராம் மட்டும் மிச்சமிருந்தாலும் அதே எண்தான். சமையல் சிலிண்டர் கிட்டத்தட்டத் தீரும்வரை அடுப்பின் சுடர் ஒரே சீராக எரிவதும் இந்தக் காரணத்தால்தான். சுடரைப் பார்த்து எத்தனை கிலோ மிச்சமிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கார் ஏசியிலும் உண்மையான அளவை அறிய ஒரே வழி, இருக்கும் கேஸை முழுதாக இயந்திரத்தால் இறக்கி எடைபோடுவது. எங்கள் காரில் அப்படி இறக்கிப் பார்த்தபோது, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் குறிப்பிட்டிருந்த எடையில் பாதிகூட வரவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பு, நிறுத்திய நிலையில் கேஜ் காட்டிய எண் முழு ஆரோக்கியமான வண்டியின் எண்ணாகவே இருந்தது.

கேஸ் குறைந்த நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. குளிர்ச்சி போவதோடு அது நிற்பதில்லை. கம்ப்ரஸருக்கு உயவு தரும் எண்ணெய் தனியாக ஒரு தொட்டியில் தங்கியிருப்பதில்லை. கேஸோடு கலந்து, கேஸோடு சுற்றிவந்து, கேஸ் திரும்பும்போதுதான் அதுவும் திரும்புகிறது. கேஸ் ஓட்டம் மெலிந்தால் எண்ணெய் காயிலிலும் குழாய்களிலும் தேங்கிவிடுகிறது. கம்ப்ரஸர் வறண்டு ஓடுகிறது. அழுத்தம் மிகவும் இறங்கினால் கம்ப்ரஸரை நிறுத்திவிடும் சுவிட்ச் கார்களில் இருக்கிறது என்றாலும், அந்த எல்லைக்குச் சற்று மேலேயே மாதக்கணக்கில் ஓடினால் சுவிட்சால் பயனில்லை. கிளட்ச் உள்ள பழைய வகைக் கம்ப்ரஸரில் ‘டக், டக்’ என்று சில நொடிகளுக்கு ஒருமுறை சேர்ந்து விலகும் சத்தம் கேட்டால் அது நல்ல எச்சரிக்கை. புதிய கார்கள் பலவற்றில் வரும், தானே அளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரஸர்களில் இந்தச் சத்தமும் கேட்காது. சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய கசிவு வேலை, கம்ப்ரஸரைத் தின்றபின் பல மடங்காகிறது. அது மட்டுமல்ல, தேய்ந்த உலோகத் துகள்கள் கண்டன்சரிலும் வால்விலும் போய் அடைத்துக்கொண்டால் ஏறத்தாழ முழு ஏசியையும் மாற்ற வேண்டி வரும்.

இனி, தேடும் முறை. முதல் கருவி கண்கள்தான். கேஸ் எங்கே கசிகிறதோ அங்கே அதனுடன் எண்ணெயும் கசியும். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி படிந்து கருமையான ஈரத் திட்டு உருவாகும். கண்டன்சரில்தான் முதலில் பார்க்க வேண்டும். பம்பரின் இடைவெளி வழியாக வரும் ஒவ்வொரு கல்லையும் அதுதான் நெஞ்சில் வாங்குகிறது. ஜல்லி ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் மூடாமல் போகும் டிப்பர் லாரிகளின் பின்னால் நெடுஞ்சாலையில் ஓட்டிய எவருக்கும் இது புரியும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கிறது. அடுத்தது குழாய்கள் இணையும் இடங்களில் உள்ள ஓ-ரிங்குகள். ஏசிக்கென்றே செய்யப்படும் ரப்பர் வளையங்கள் தனி. கையில் கிடைத்த சாதாரணக் கறுப்பு வளையத்தைப் போட்டு இறுக்கினால், கேஸும் எண்ணெயும் பட்டு அது ஊதியோ இறுகியோ சில மாதங்களில் வழிவிடும். அதன் பிறகு கேஸ் ஏற்றும் வால்வுகள். இவற்றின் உள்ளே இருப்பது டயர் வால்வைப் போன்ற சிறு ஊசிதான். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி, தூசி தடுப்பதோடு கசிவையும் தடுக்கும் இரண்டாம் காவல். கேஸ் போட்டுவிட்டு அந்த மூடியைத் தொலைத்துவிடும் பட்டறைகள் இருக்கின்றன. வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து இரண்டு மூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கம்ப்ரஸரின் முகப்பில், கிளட்ச் தட்டுக்குப் பின்னால் எண்ணெய் சிதறியிருந்தால் தண்டு சீல் போயிருக்கிறது. மழைக்காலம் முழுதும் ஏசியைப் போடாமலே வைத்திருக்கும் கார்களில் இந்தச் சீல் வறண்டு கெடுகிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஏசியை ஓடவிடுவது அதற்கு நல்லது.

எங்கள் காரில் இந்த இடங்களெல்லாம் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தும் ஒரு குமிழிகூட எழவில்லை. சோப்பு நுரை பெரிய கசிவைத்தான் காட்டும். மாதத்துக்குச் சில பத்து கிராம் என்று போகும் கசிவில் குமிழி எழுவதற்குள் நுரை காய்ந்துவிடும். இந்த இடத்தில்தான் முந்தைய பட்டறைகள் தேடலை நிறுத்திவிட்டு, ‘வெளியே எங்கேயும் லீக் இல்லை, அதுவாகக் குறைகிறது’ என்று சொல்லி கேஸை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வெளியே எங்கும் இல்லை என்றால் உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படுவதுதானே முறை! கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் திறக்க ஒரு நாள் வேலை. கேஸ் ஏற்ற அரை மணி. பட்டறைக்காரர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, திறப்பதா வேண்டாமா என்ற முடிவை அவரிடம் விடலாம்.

போன கோடையில் எங்களுக்குக் கிடைத்த மெக்கானிக் வயதில் இளையவர், பொறுமைசாலி. இரண்டு வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார். முதலில், கேஸோடு சிறிதளவு சாயம் ஏற்றி, “ஒரு வாரம் பத்து நாள் நல்லா ஏசி போட்டு ஓட்டிட்டு வாங்க சார்” என்று அனுப்பிவைத்தார். எண்ணெயில் கரையும் இந்தச் சாயம் சாதாரண வெளிச்சத்தில் எளிதில் தெரியாது. புற ஊதா விளக்கின் கீழே, மஞ்சள் கண்ணாடி அணிந்து பார்த்தால் பளிச்சென்று மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். மறுபடி போனபோது ஷட்டரை இறக்கி இருட்டாக்கிவிட்டு, கண்டன்சர், கம்ப்ரஸர், ஹோஸ்கள் எல்லாவற்றிலும் விளக்கை ஓட்டினார். எதுவும் ஒளிரவில்லை. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, ஏசித் தண்ணீர் சொட்டும் சிறிய ரப்பர் குழாயின் வாயில் விளக்கைக் காட்டினார். அந்தக் குழாயின் உதட்டில் நகக்கண் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு எரிந்தது. காயிலின் மேல் படியும் ஈரம் கசிந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே அங்கே சாயம் தெரிந்தால் காயிலிலோ அதை ஒட்டிய இணைப்பிலோ கசிவு என்று பொருள்.

அதோடு அவர் திருப்தி அடையவில்லை. கேஸை மோப்பம் பிடிக்கும் மின்னணுக் கருவியை எடுத்தார். தரமான கருவி ஆண்டுக்கு 4 கிராம் அளவுக்குக் கசியும் ஓட்டையைக்கூடக் காட்டிவிடும். ஆனால் அதைப் பயன்படுத்துவதில் ஒழுங்கு வேண்டும். விசிறிக் காற்று அடிக்கும் இடத்தில் அது பயன்படாது. ஆர்-134ஏ காற்றைவிடக் கனமானது என்பதால், இணைப்பின் மேலே முகரவிடாமல் அடிப்பக்கத்தில் மெதுவாக நகர்த்த வேண்டும். இன்ஜினையும் புளோயரையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, காயில் பெட்டிக்குள் கேஸ் சேரட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, தண்ணீர் உறிஞ்சிவிடாதபடி கருவியின் முனையை அந்த வடிகால் குழாயின் வாய்க்குக் கொண்டுபோனார். கருவி விடாமல் கத்தியது. இரண்டு சாட்சியங்களும் ஒரே இடத்தைக் காட்டிய பிறகுதான், “டேஷ்போர்டை இறக்கிடலாங்களா சார்?” என்று கேட்டார். இந்த வரிசைதான் எனக்கு அவர்மீது மரியாதையை உண்டாக்கியது. ஊகத்தின்பேரில் டேஷ்போர்டைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்த பிறகு காயில் நன்றாக இருந்தால் அந்தக் கூலியை யார் தருவது?

பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்சாரம் முழுதும் வடியக் காத்திருந்து, ஸ்டியரிங்கையும் டேஷ்போர்டையும் இறக்கி, கருப்புப் பிளாஸ்டிக் பெட்டியை இரண்டாகப் பிளந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். காயிலின் முகம் தெரியவே இல்லை. வேப்பஞ்சருகும், புழுதியும், காருக்குள் உதிர்ந்த நூலும் முடியும் ஈரத்தில் ஊறிக் கம்பளித் துண்டுபோல ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. அந்தப் படலத்தை உரித்ததும், கீழ் மூலையில் அலுமினியத் தகடுகள் வெண்மையாகப் பூத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. விளக்கைக் காட்டியதும் அந்த மூலை மட்டும் பச்சையாக எரிந்தது. கேபின் ஃபில்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படாமல் வரும் கார் அது. ஃபில்டருக்கான இடம் இருக்கிறது, ஃபில்டர் இல்லை. வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டி, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகச் சருகை உறிஞ்சுகிறது. அது ஈரமான காயிலில் ஒட்டி மக்குகிறது. எந்நேரமும் காயாத அந்த ஈரக் குப்பைக்கு அடியில் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிபடுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஃபில்டர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் காரில் ஃபில்டர் இருக்கிறதா என்று கிளவ் பாக்ஸைக் கழற்றி இன்றே பாருங்கள். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள்.

பழைய காயிலையே சரிசெய்யலாமா என்று கேட்டேன். அரிப்பு என்பது ஒரே ஓட்டையோடு நிற்பதில்லை. இன்று ஒட்டவைத்த புள்ளிக்குப் பக்கத்தில் நாளை இன்னொன்று திறக்கும். அதற்காக மறுபடி டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்றார். அது சரியான பதில். கசிவை உள்ளிருந்தே அடைத்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் திரவங்களைப் பற்றியும் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். ஈரமும் காற்றும் பட்டதும் இறுகுவதே அந்தத் திரவங்களின் வேலை. குழாய்களுக்குள் எங்காவது ஈரம் தங்கியிருந்தால் அங்கேயே இறுகி எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், கேஸ் இறக்கும் இயந்திரத்தையும் கெடுக்கும். ஆகவே புதிய காயில், புதிய எக்ஸ்பான்ஷன் வால்வு, எல்லா இணைப்புகளுக்கும் புதிய ஓ-ரிங்குகள் என்று முடிவாயிற்று. சென்னையில் இருப்பவர்கள் இத்தகைய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்குப் போவது வழக்கம். அங்கே போனாலும் பழைய காயிலைக் கையில் எடுத்துப் போவது நல்லது, ஏனென்றால் ஒரே மாடல் காருக்கு ஆண்டைப் பொறுத்துக் காயில் மாறும். குழாய்களைத் திறந்து வைத்தால் டிரையரையும் மாற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த அந்தப் பகுதி, வெளிக்காற்று பட்டால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து நிறைந்துவிடும். புதிய கார்கள் பலவற்றில் அது கண்டன்சரின் ஓரத்தில் உள்ளேயே இருக்கும் சிறு பையாக வருவதால் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டிய பிறகு நேராகக் கேஸ் ஏற்றக் கூடாது. முதலில் நைட்ரஜன். உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக ஏறத்தாழ 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். இதற்குப் பதிலாகப் பஞ்சர் கடைக் காற்றையோ, அதைவிட மோசமாக ஆக்ஸிஜனையோ ஏற்றுவது ஆபத்து: காற்றில் ஈரம் இருக்கிறது, அழுத்தத்தில் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். பல இடங்களில் நைட்ரஜன் சோதனையே இல்லாமல், வேக்கும் போட்டு, அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுத்து, முள் நிற்கிறதா என்று மட்டும் பார்த்து ‘லீக் இல்லை’ என்கிறார்கள். வேக்கும் என்பது வெளியிலிருந்து உள்ளே ஒரு காற்றழுத்த அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 15 பிஎஸ்ஐக்கு, தள்ளும் சோதனை. ஏசி ஓடும்போது கேஸ் உள்ளிருந்து வெளியே அதைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. வெளியே தள்ளும்போது திறக்கும் ஓட்டை, உள்ளே இழுக்கும்போது மூடிக்கொள்ளவும் கூடும். வேக்கும் போடுவதன் முதன்மையான நோக்கம் வேறு: உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவது. அழுத்தம் போதிய அளவு இறங்கினால் நம் ஊர் அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும்; பம்ப் அதை இழுத்துவிடும். அதற்குக் கேஜில் பாதரச அளவில் 29 அங்குலம் வரவும் வேண்டும், அந்த நிலையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது ஓடவும் வேண்டும். (கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் காற்றழுத்தமே குறைவு என்பதால் அங்கே முள் 29-ஐத் தொடாது, அதைப் பம்பின் குறையாகக் கொள்ளக் கூடாது.) ஈரம் தங்கிவிட்டால் அது வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி, மாற்றிய புதிய காயிலையும் உள்ளிருந்து அரிக்கும்.

கேஸை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்; நல்லவேளையாக அவரும் அப்படித்தான். ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கே சட்டம். ‘ஒரு டின் போட்டாச்சு, போதும்’ என்ற வழக்கம் பரவலாக இருக்கிறது. சந்தையில் அதிகம் புழங்கும் டின் 450 கிராம். அந்த டின்னின் அளவும் உங்கள் காரின் தேவையும் ஒன்றாக இருக்க எந்தக் காரணமும் இல்லை. கூடினால் கண்டன்சரில் திரவம் தேங்கி உயர் அழுத்தம் எகிறும், குளிர்ச்சி கூடுவதற்குப் பதிலாகக் குறையும். குறைந்தால் பழைய கதை. ஐம்பது கிராம் என்பது பெரிய தொட்டியில் ஒன்றுமில்லை, நானூறு கிராமில் எட்டில் ஒரு பங்கு. மின்னணுத் தராசின் மேல் சிலிண்டரை வைத்து, குறையும் எடையைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவது ஒன்றும் சிரமமான வேலை அல்ல. புதிய காயிலுக்கு ஈடாகக் கம்ப்ரஸர் எண்ணெயும் கையேட்டில் சொன்ன அளவு சேர்க்க வேண்டும். கார் ஏசி எண்ணெய்களில் பெரும்பாலும் பிஏஜி எனப்படும் செயற்கை எண்ணெய் வகை; காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை வேகமாகக் குடிக்கும் தன்மையுடையது, ஆகவே பாதி திறந்து கிடக்கும் பழைய பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள். மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட் கார்களிலும் உயர் மின்னழுத்தக் கம்ப்ரஸர் இருப்பதால் அவற்றின் எண்ணெயே வேறு. அந்த வண்டிகளைச் சாதாரணப் பட்டறையில் திறக்கவே கூடாது.

கேஸின் தரம் குறித்தும் கவலைப்பட இடமிருக்கிறது. மலிவு விலைக்கு ஆர்-134ஏ என்ற பெயரில் எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவைகள் விற்கப்படுவது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. 2011-இல் வியட்நாமில் பராமரிக்கப்பட்ட குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்து உயிரிழப்பு நேர்ந்தபோது, காரணம் கலப்படக் கேஸில் இருந்த மெத்தில் குளோரைடு என்று தெரியவந்தது; அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் சேர்மத்தை உண்டாக்குகிறது. அசல் ஆர்-134ஏ சாதாரண நிலையில் தீப்பிடிக்காது. ஆனாலும் சுடரில் பட்டால் சிதைந்து நச்சான ஹைட்ரஜன் ஃபுளோரைடை உண்டாக்கும் என்பதால், கேஸ் வேலை நடக்கும் இடத்தில் வெல்டிங்கும் புகைபிடிப்பதும் கூடாது. திரவமாகத் தெறித்தால் தோலையும் கண்ணையும் உறையவைக்கும். வேலை செய்பவர் கண்ணாடி அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள், அது அவருடைய கண்.

நான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுவதற்குப் பணம் மட்டும் காரணம் அல்ல. ஆர்-134ஏவுக்கு முன்பு கார்களில் இருந்தது ஆர்-12. அத்தகைய சேர்மங்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எழுதினார்கள். 1987-இல் அவற்றைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1990-களில் கார்கள் ஆர்-134ஏவுக்கு மாறின. புதிய கேஸ் ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் புவியை வெப்பமாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு வலிமையுள்ளது. காரில் இருக்கும் 450 கிராமும் காற்றில் போனால் அது ஏறத்தாழ 640 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வருகிறது. அப்படியானால் ஒருமுறை கேஸ் முழுதும் கசிவது 280 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம், நம் சிறிய கார்களில் நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம். ஆண்டுதோறும் ‘கேஸ் டாப்-அப்’ செய்துகொள்ளும் ஒரு கார், ஓடாமலே இவ்வளவு செய்கிறது. வேலைக்கு முன்பு உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வால்வை அழுத்திப் ‘புஸ்’ஸென்று காற்றில் விடும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. இறக்கிச் சேமிக்கும் இயந்திரம் உள்ள பட்டறைகள் இருக்கின்றன. சற்று அதிகம் கொடுத்தாலும் அங்கே போவதே சரி. மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு ருவாண்டாவின் கிகாலியில் 2016-இல் ஏற்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047-க்குள் இவ்வகைக் கேஸ்களில் 85 விழுக்காட்டைக் கைவிட வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது; அங்கே பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற புதிய கேஸ்தான். விலையுயர்ந்த சில கார்களில் அது இங்கும் வந்துவிட்டது. அதன் வால்வு அளவே வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது.

வேலை முடிந்த அன்று மதியம், வெளியே 37 டிகிரி வெயிலில், நடு வெண்ட்டில் செருகிய வெப்பமானி 8 டிகிரிக்கு இறங்கியது. அடுத்த மாதம் ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய் வடிகால் குழாயில் விளக்கைக் காட்டிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பழைய சாயம் எண்ணெயில் இன்னும் இருப்பதால், இனி எங்கே கசிந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். பில்லில் ஏற்றிய கேஸின் வகை, எடை, எண்ணெயின் வகை, அளவு, மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். அவர் சாயம் கலந்திருப்பதையும் தேதியுடன் ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதி, தொழிற்சாலை ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் பானெட்டுக்கு அடியில் ஒட்டினார். அடுத்து இந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் அவர் முதலில் படிக்க வேண்டியது அதுதான்.